கொல்லையில் வெட்டுக்கிளி: வேப்பங்கொட்டையா, வலையா, கோழியா?

சம்பா அறுப்பு முடிந்து வயல் வெறிச்சென்று ஆகிற தை, மாசியில் டெல்டாவின் கொல்லைகளுக்கு வெட்டுக்கிளி வரத்து கூடிவிடும். வயலில் இருந்த பச்சையை நாம் அறுத்துக் களத்துக்கு எடுத்துப் போய்விட்டோம். அதை நம்பி இருந்த பூச்சி வாய்க்காலைத் தாண்டி அடுத்த பச்சையைத் தேடுகிறது. அது பெரும்பாலும் உங்கள் கீரைப்பாத்தியாகவோ அவரைப் பந்தலாகவோ இருக்கும். அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். வேப்பெண்ணெய் அடி என்பார் ஒருவர். பூண்டும் மிளகாயும் அரைத்துத் தெளி என்பார் இன்னொருவர். சாம்பல் தூவு, வலை கட்டு, பேசாமல் நாலு கோழி வாங்கி விடு என்று பட்டியல் நீளும். எல்லாமே ஏதோ ஒரு வகையில் சரிதான். ஆனால் எல்லாம் எல்லா நேரத்துக்கும் சரிப்பட்டு வராது.

இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: எந்த மருந்து என்பது இரண்டாவது கேள்வி. பூச்சிக்கு றெக்கை முளைத்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. கைக்காசும் உழைப்பும் றெக்கை முளைப்பதற்கு முன்னால் போட்டால் பலன் உண்டு. முளைத்த பிறகு தடுக்கலாம், பிடிக்கலாம். விரட்டுவது என்பது, பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்து மறுநாள் திரும்ப வரவேற்பதுதான்.

கடித்தது யார்?

இலையில் ஓட்டை விழுந்ததெல்லாம் வெட்டுக்கிளியின் வேலை இல்லை. கத்திரி இலையில் பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் நின்றால் அது புள்ளிவண்டு. காய்ந்த பசைக் கோடு பளபளத்தால் நத்தை. ஐப்பசி மழைக்குப் பிறகு டெல்டாவில் நத்தைக்குக் கேட்கவே வேண்டாம். வெட்டுக்கிளி இலையின் ஓரத்திலிருந்து உள்ளே கடித்துக்கொண்டு போகும். கடித்த விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். கீழ் இலைகளில் குருணை அளவில் காய்ந்த எச்சம் கிடக்கும்.

ஒன்று பிடிபட்டால் அதன் உணர்கொம்பைப் பாருங்கள். உடம்பைவிட நீளமாக, மயிரிழை கனத்தில், பின்னோக்கி வளைந்து கிடந்தால் அதைத் திரும்ப விட்டுவிடுவது நல்லது. நெல்வயலில் இந்த நீளக்கொம்பு வகை கதிர்நாவாய்ப்பூச்சியின் முட்டையையும் தண்டுத்துளைப்பானின் முட்டையையும் தின்னக்கூடியது. இலையையும் கொஞ்சம் கொறிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால் லாபம் நமக்குத்தான்.

கொம்பு குட்டையாக இருப்பவைதான் நம் எதிராளிகள். விரல் நீளத்துக்கு வளரும் பெரிய நெல் வெட்டுக்கிளி ஒன்று. கண்ணிலிருந்து பக்கவாட்டில் பழுப்புக் கோடு ஓடும் சின்னது ஒன்று. தலை கூம்பாக நீண்டு, தண்டுக்கீரையிலும் பசலையிலும் இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை வகை இன்னொன்று.

நாலாவதாக எருக்கு வெட்டுக்கிளி. மஞ்சளும் நீலமுமாக, வர்ணம் பூசினாற்போல் இருக்கும். தொட்டால் திரவத்தைப் பீச்சும். 2020 மே மாதம் வட மாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிப் படை இறங்கியிருந்த சமயத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் இது கூட்டமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஊரே பதறிப்போனது. அதிகாரிகள் வந்து பார்த்து, இது உள்ளூர்ப் பூச்சி, படையெடுப்பு எதுவும் இல்லை என்றார்கள். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்திருப்பதால் பறவைகள் இதை ஒதுக்கிவிடும். கோழியை நம்பி இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எருக்கு வேலியோரம் இருந்தால் இருக்கட்டும். அதை வெட்டிப்போட்டால் பூச்சி பப்பாளிக்கும் கத்திரிக்கும் இடம் மாறக்கூடும்.

றெக்கைக்கு முன், றெக்கைக்குப் பின்

பெரிய நெல் வெட்டுக்கிளிக்கு வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். மழைக்காலம் பிறக்கிற சமயத்தில் பெண் பூச்சி வயிற்றின் நுனியை வரப்பு மண்ணுக்குள் இறக்கி, இரண்டு அங்குல ஆழத்தில் முட்டைகளைக் கொத்தாக வைக்கிறது. சுற்றிலும் அது சுரக்கும் நுரை இறுகி, மண் ஒட்டிய ஒரு பழுப்புக் கூடாகிவிடும். கோடை முழுக்க முட்டை அப்படியே கிடக்கும். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, குறுவைக்கு நிலம் நனைகிறபோதோ, ஆனி ஆடி மழையிலோ குஞ்சு பொரிக்கும். குஞ்சுக்குத் தத்தத் தெரியும், பறக்கத் தெரியாது. ஐந்தாறு தடவை தோலுரித்து றெக்கை முளைக்க இரண்டு மாதம் போல ஆகும்.

ஆக, சித்திரை வைகாசியில் அது மண்ணுக்குள் இருக்கிறது. ஆடி ஆவணியில் தரையில் தத்துகிறது. புரட்டாசிக்கு மேல் பறக்கிறது. சின்ன வகைகளும் கூம்புத்தலையும் இந்தக் கணக்குக்கு அடங்காமல் வருஷத்தில் பல தலைமுறை பெருகும் என்பது உண்மை. அப்படியிருந்தும் எங்கே அடித்தால் வலிக்கும் என்று காட்ட இந்தக் காலக்கணக்கு போதும்.

வரப்பைச் செதுக்குவது

கடையில் வாங்க ஒன்றும் இல்லாததாலோ என்னவோ, இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. என் கணக்கில் இதற்குத்தான் முதல் இடம். சித்திரையில் கொல்லையின் வரப்பையும் வேலியோரத்தையும் மண்வெட்டியால் இரண்டு மூன்று அங்குலம் செதுக்கிப் புரட்டிவிட்டால் முட்டைக்கூடு மேலே வந்துவிடும். வெயில் பாதியைக் காய்ச்சிவிடும். மீதியை மைனாவும் தவிட்டுக்குருவியும் பார்த்துக்கொள்ளும். மண்வெட்டிச் சத்தம் கேட்டதுமே வந்து நிற்கும் ஜாதி அவை. வயல்காரர்கள் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிறபோது இது தானாகவே நடந்துவிடுகிறது. கொல்லை வைத்திருப்பவர்கள்தான், நடந்து நடந்து இறுகிய வரப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். வெட்டுக்கிளிக்குப் பிடித்தது அப்படிக் கலைக்கப்படாத மண்தான்.

குறை என்னவென்றால், உங்கள் வரப்பை மட்டும்தான் நீங்கள் செதுக்க முடியும். வாய்க்கால் கரை பொதுச் சொத்து, பக்கத்துத் தரிசு வேறொருவருடையது. அங்கே பொரிப்பது இங்கே வரத்தான் செய்யும். அப்புறம், சின்ன நெல் வெட்டுக்கிளி முட்டையைப் புல்லின் அடித்தண்டிலும் ஒட்டிவைக்கும். அதற்கு மண்ணைக் கிளறிப் பயனில்லை. புல்லையும் ஒட்ட அறுத்து அள்ள வேண்டும்.

புல் அறுப்பதற்கும் நேரம் உண்டு. பூச்சி வருவதற்கு முன்னால், கோடையிலேயே அறுத்துவிடுவது நல்லது. மாசியில், பெரிய பூச்சிகள் புல்லில் மேய்ந்துகொண்டிருக்கும்போது வேலியோரப் புல்லைச் சுத்தமாக வழித்தால், அவற்றுக்குச் சாப்பாடு போட மீதி இருப்பது உங்கள் பாத்திதான். அந்தச் சமயத்தில் கொல்லைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பட்டை புல்லை விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

வேம்பு: கொட்டை, எண்ணெய், இலை

வெட்டுக்கிளிக்கும் வேம்புக்கும் உள்ள பகை ஆராய்ச்சி உலகத்துக்கும் பழையது. 1959இல் சூடானில் பாலைவன வெட்டுக்கிளிப் படை இறங்கி மற்றதெல்லாம் மொட்டையான இடத்தில் வேப்பமரம் மட்டும் பச்சையாக நின்றதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதானும் சக ஆய்வாளர்களும், வேப்பங்கொட்டைக் கரைசல் பட்ட இலையை அதே பூச்சி தொடுவதில்லை என்று 1962இல் எழுதினார்கள். 1968இல் அந்தக் கசப்பின் முக்கியப் பொருளான அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தபோதும், சரியான பொருள்தானா என்று சோதித்துப் பார்க்க உதவியது பாலைவன வெட்டுக்கிளிதான்.

இதைப் படித்துவிட்டு வேம்பு அடித்தால் போதும், ஒன்றும் அண்டாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாலைவன வெட்டுக்கிளி அசாடிராக்டினுக்கு அசாத்தியமாக முகம் சுளிக்கும் இனம். எல்லா வெட்டுக்கிளியும் அப்படியில்லை. சில இனங்கள் கசப்பைப் பொருட்படுத்தாமல் கடித்துப் பார்க்கும். ஆனால் கடித்தது குஞ்சாக இருந்தால் உள்ளே போன அசாடிராக்டின் தோலுரிப்பைக் குலைத்துவிடும். பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமல் பாதியில் செத்துப்போகும், அல்லது சுருங்கிய றெக்கையோடு திரியும். தோலுரித்து முடித்த பெரிய பூச்சிக்கு அந்தப் பயம் இல்லை. ஆகவே வேம்பு ஆடி ஆவணி மருந்து. மாசியில் பறந்து வருகிற பூச்சிக்கு அதை அடித்துவிட்டு ‘வேம்பு வேலை செய்யவில்லை’ என்பது வேம்புக்குச் செய்யும் அநியாயம்.

வேம்பிலும் எது? கொட்டைப் பருப்புக் கரைசலுக்குத்தான் என் ஓட்டு. 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் முடிச்சைப் பிழியப் பிழிய வெள்ளையாகப் பால் இறங்கும். அது நிற்கும்வரை பிழிந்து, வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துக்கொண்டால் அதுதான் ஐந்து சதவீதக் கரைசல். வயலுக்கு 5 கிலோ பருப்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று சொல்வதும் இதே கணக்குத்தான். சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துபோகும். சாயங்காலம் என்றால் தேனீயும் வீடு திரும்பியிருக்கும். இலையின் அடியும் நனைய வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. கொட்டை பொறுக்கி மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டுப் பத்து மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. பூசணம் பிடித்துக் கறுத்த கொட்டை உதவாது.

எண்ணெய் சுலபம், கடையில் கிடைக்கும். ஆனால் தண்ணீரோடு சேராது. முதலில் சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கிவிட்டு அப்புறம்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தெளிப்பானின் அடியில் தண்ணீரும் மேலே எண்ணெயுமாக நிற்கும். அளவு கூடி, வெயிலும் சேர்ந்தால் இளம் இலை கருகும். மார்கழிக் குளிரில் எண்ணெய் கெட்டிப்படும், பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் சரியாகும். வேப்பிலைச் சாறு இவை இரண்டைவிடவும் மென்மையானது. கொட்டை கிடைக்காத மாதங்களில் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வேம்பின் பெரிய எதிரி நம் ஊர் மழைக்காலம். ஐப்பசி கார்த்திகையில் சாயங்காலம் தெளித்ததை ராத்திரியே மழை கழுவிக்கொண்டு போய்விடும். அந்த இரண்டு மாதம் வேம்புக்கு விடுமுறை கொடுப்பதே நல்லது. கீரைக்கும் யோசித்துத்தான் தெளிக்க வேண்டும். இரண்டு நாளில் அரியப்போகிற பாத்தியில் அடித்தால் கசப்பு உங்கள் கீரைக்கூட்டிலும் இருக்கும்.

காரக் கரைசல்களும் சாம்பலும்

பூண்டு, இஞ்சி, மிளகாய் அரைத்துத் தெளிப்பது டெல்டாவில் பரவலான பழக்கம். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் பிறந்த இளங்காடு இருக்கிற மாவட்டத்தில் இலைக் கரைசல்களைக் குறைத்துப் பேசத் துணிச்சல் வேண்டும். இருந்தாலும் வெட்டுக்கிளி விஷயத்தில் இதை நான் கடைசி வரிசையில்தான் வைப்பேன். மிளகாயின் எரிச்சல் நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்கானது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், பறவைக்கே அது உறைப்பதில்லை. பூண்டு வாடை இருக்கும்வரை கொஞ்சம் தயங்கும். வாடை ஒரு நாள் நிற்கும். அசுவினிக்கும் சின்னப் புழுவுக்கும் இதைப் பயன்படுத்துங்கள், நல்லது.

அக்னி அஸ்திரம் என்ற காரக் கரைசலில் சேர்க்கும் புகையிலை பற்றி ஓர் எச்சரிக்கை. நிகோட்டின் இயற்கையாக விளைவதுதான், ஆனாலும் அது நஞ்சு. தோல் வழியாகவே உடம்பில் ஏறும். புகையிலையில் இருக்கும் தேமல் நோய் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடியது. வேதாரண்யம் பக்கம் புகையிலை சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சமையல் தோட்டத்தில் அதைத் தெளிக்க நான் சொல்லமாட்டேன்.

சாம்பல் காய்ந்த நாளில் இலையை மெல்ல முடியாதபடி செய்யும். பனி விழுந்தாலோ தண்ணீர் ஊற்றினாலோ போச்சு. செண்டுப்பூவை ஓரத்தில் நட்டால் வெட்டுக்கிளி வராது என்பதையும் நம்பிவிடாதீர்கள். பூவுக்காக நடுங்கள்.

வலை

றெக்கை முளைத்த பூச்சிக்கு நேரடியான பதில் வலைதான். நாற்றங்காலுக்கும் கீரைப்பாத்திக்கும் இதைவிட நம்பகமானது வேறில்லை. மூங்கில் பட்டையையோ வளைந்த பிளாஸ்டிக் குழாயையோ வில்லாக ஊன்றி, பூச்சிவலையை மேலே போர்த்தி, ஓரத்தை மண்ணில் புதைத்துவிட வேண்டும். இலை வலையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் வெளியே உட்கார்ந்தபடியே கடிக்கும். பழைய நூல்சேலையைப் போடுகிறவர்கள் உண்டு. நெருக்கமாக இருப்பதால் காற்று குறைந்து சித்திரை வெயிலில் நாற்று புழுங்கும், பெரிய பூச்சி துணியை மென்று ஓட்டையும் போட்டுவிடும். நைலான் பூச்சிவலை தேவலை. கம்பிவலையைக் கடிக்க முடியாது, ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் இரும்புக்கம்பி சீக்கிரம் துருவேறிவிடும்.

வலையில் இரண்டு சிக்கல். பீர்க்கு, புடலை, பூசணிக்குத் தேனீ வர வேண்டும், அதனால் பந்தலை மூட முடியாது. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பாத்தி மண்ணில் ஏற்கெனவே முட்டை இருந்தால், வலை வெட்டுக்கிளிக் குஞ்சுகளைப் பறவையிடமிருந்து காப்பாற்றும் கூண்டாகிவிடும். வலை போடுவதற்கு முன் மண்ணைக் கொத்திப் புரட்டி நாலு நாள் வெயிலில் காயவிடுவது இதனால்தான்.

கோழி, வாத்து, மற்ற அலகுகள்

நாட்டுக்கோழி வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடிக்கும் வேகம் பார்க்கவே நன்றாக இருக்கும். அதே கோழி கீரை விதையைச் சீய்த்துத் தள்ளும் வேகமும் குறைச்சல் இல்லை. ஆகவே கோழியைப் பாத்திக்குள் விடுவது அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னால் மட்டும். மற்ற நாளில் வேலியை ஒட்டி வெளிப்புறம் மேயவிட்டால், உள்ளே வரப்போகிற பூச்சியை வழியிலேயே மறித்துவிடும். வாத்து கோழி மாதிரி சீய்க்காது. ஆனால் இளம் கீரையை மேயும், தண்ணீரும் கேட்கும். அறுப்புக்குப் பிறகு டெல்டா வயல்களில் மேய வரும் வாத்துக் கூட்டம் பக்கத்து வயலில் இறங்கினால் உங்கள் கொல்லைக்கும் அது நல்ல சேதிதான்.

வளர்க்காமலே வருகிறவை இதைவிட அதிகம் சாதிக்கும். கரிச்சான் உட்கார ஒரு குச்சி போதும். ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பை நட்டு, குறுக்கே ஒரு கட்டையைக் கட்டினால், அங்கிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துத் திரும்ப அதே கட்டையில் வந்து உட்காரும். மாடு மேய்கிற இடத்தில் உண்ணிக்கொக்கு கூடவே நடப்பது மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிக்காகத்தான். ஓணானைக் கல்லெறிந்து விரட்டாத வீட்டில் பாதி வேலை முடிந்த மாதிரி. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு வேலிக்குச்சியில் ஒட்டியிருந்தால் அந்தக் குச்சியை அடுப்புக்கு ஒடிக்காதீர்கள். குறை ஒன்றுதான்: பறவை பூச்சியைக் குறைக்கும், ஒழிக்காது. நாற்றைக் காப்பாற்ற அதை மட்டும் நம்ப முடியாது.

பூஞ்சாணம்

மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணம் வெட்டுக்கிளியின் உடம்பில் ஒட்டி, தோலைத் துளைத்து உள்ளே வளர்ந்து கொல்லும். பூச்சி அதைத் தின்ன வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளிக்கென்றே தனி இனத்தைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது காண்டாமிருக வண்டுக்கும் வேர்ப்புழுவுக்கும் விற்கும் வேறு இனம். வெட்டுக்கிளிக்கு அவ்வளவு குறிபார்த்து வேலை செய்யாது. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமும் ஆகும். வாங்கத்தான் வேண்டும் என்றால் நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுவிட்டு வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்கினால் வெறும் மாவுக்குக் காசு கொடுத்த கதையாகிவிடும்.

உங்கள் இடத்துக்கு எது

கும்பகோணம், மன்னார்குடி மாதிரி ஊருக்குள் மாடித்தோட்டம் என்றால் மருந்தே வேண்டாம். மாடிக்கு வருவது பறந்து வரும் பெரிய பூச்சி, அதுவும் ஒன்றிரண்டுதான். கீரைத்தொட்டிக்கு வலை, மற்றதற்குக் கை. விடிந்தும் விடியாத நேரத்தில், இலையில் பனி இருக்கும்போது போனால் உடம்பு சூடேறாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோகாமல் தலைக்கு நேராகக் கொண்டுபோய் மூடிப் பிடியுங்கள். அது தத்துவது முன்னோக்கித்தான். எட்டு மணிக்கு மேல் போனால் நீங்கள் ஓட வேண்டியிருக்கும்.

வாய்க்காலையோ வயலையோ ஒட்டிய கொல்லை என்றால், சித்திரையில் வரப்பைச் செதுக்குவது, ஆடியில் குஞ்சு கண்ணில் பட்டதும் ஒரு வார இடைவெளியில் வேப்பங்கொட்டைக் கரைசல், தை மாசியில் நாற்றுக்கும் கீரைக்கும் வலை. இந்த வரிசையில் எதையாவது விட வேண்டுமென்றால் கரைசலை விடுங்கள், முதலும் கடைசியும் வேண்டும். நன்றாக வளர்ந்துவிட்ட வெண்டையிலும் கத்திரியிலும் அங்கங்கே ஓட்டை விழுந்தால் கண்டுகொள்ளத் தேவையில்லை, காய்ப்பு குறையாது. இலையையே விற்கிற கீரைக்காரருக்குத்தான் ஒவ்வொரு கடியும் நஷ்டம்.

சம்பா தரிசில் உளுந்து போட்டிருப்பவர்களுக்கு வலை கட்டுப்படியாகாது. ஏக்கர் கணக்கில் கிடக்கும் அந்த வயலுக்குப் பறவைக்குச்சிகளும், பல தலைமுறை பெருகும் சின்ன வகைகளின் குஞ்சுகளுக்காக வரப்போரத்திலிருந்து உள்ளே பத்தடிவரை மட்டும் கொட்டைக் கரைசலும் போதும். பூச்சி வரப்பிலிருந்துதான் உள்ளே நகர்கிறது. அதற்கான கொட்டையை ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போதே பொறுக்கி, சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்துவிட வேண்டும். மாசியில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் போன வருஷத்துக் கொட்டையாகத்தான் இருக்கும்.